ரமணர்: திருச்சுழி முதல் திருவண்ணாமலை வரை ஓர் இறையுணர்வு

ரமண மகரிஷி (30 டிசம்பர் 1879 – 14 ஏப்ரல் 1950) அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள திருச்சுழியில் பிறந்தவர். பெற்றோர் சுந்தரம் ஐயர், அழகம்மாள். இட்ட பெயர் வேங்கடராமன். அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பதினாறு வயதில் மதுரையில் நேர்ந்த மரண அனுபவத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் கடவுள் அருகே இருக்கிறார் என்ற உணர்வு திருச்சுழியிலேயே அவரிடம் இருந்தது. வயது ஏற ஏற அது உருமாறிக்கொண்டே போனது.

திருச்சுழி மானாவாரிச் சீமை. குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்க்கும் நாட்களே அதிகம். அப்படிப்பட்ட ஊரின் தலபுராணம் ஒரு பெருவெள்ளத்தைப் பேசுகிறது: ஊரை மூழ்கடிக்க வந்த நீரைச் சிவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்துச் சுழித்து வடியச் செய்தாராம். பூமிநாதர், துணைமாலையம்மை கோயில் சுந்தரர் பாடிய தலம். பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. மாசி மாதத்தில் கோயில் குளத்துத் தண்ணீர் நாளுக்கொரு படியாக ஏறும். பிள்ளைகள் கூடி நின்று படிகளை எண்ணுவார்கள். அறுபது வயதைக் கடந்த பிறகும் ரமணர் அந்தக் குளத்தைப் பற்றிப் பக்தர்களிடம் ஆசையோடு சொல்லியிருக்கிறார்.

சுந்தரம் ஐயர் பட்டம் பெறாத வக்கீல். விருந்தினருக்கென்றே வீட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தவர். வேங்கடராமனுக்கு ஆறு வயதிருக்கும்போது, அப்பாவின் வழக்குக் காகிதங்களை எடுத்துப் பட்டம் செய்துவிட்டான். அப்பா சத்தம் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையைக் காணவில்லை, ஊரெல்லாம் தேடினார்கள். பூசைக்குப் போன குருக்கள்தான் கண்டுபிடித்தார். அம்பாள் சிலைக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அடிக்குப் பயந்த பிள்ளை பாட்டி முந்தானையில் ஒளிவது போன்ற செயல்தான் அது. அவன் ஒளிந்த இடம் கருவறை.

1892இல் அப்பா இறந்தார். மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்து, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். 1895 நவம்பரில், ஊரில் பழகிய முதியவர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, அருணாசலத்திலிருந்து என்று பதில் வந்தது. அதுவரை மனத்துக்குள் ஒலித்த பெயருக்குப் பூமியில் ஓர் இடம் இருப்பதே அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. பெரியபுராணம் கைக்குக் கிடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

1896 ஜூலை நடுவில், நல்ல உடல்நிலையில் மாடியறையில் தனியே இருந்தவனைச் சாவு பயம் பிடித்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல நீட்டிப் படுத்து, உதட்டை இறுக மூடி, உடம்பு செத்தால் நான் சாகிறேனா என்று உள்ளே பார்த்தான். உடம்புக்கு அப்பால் ‘நான்’ விழித்திருந்தது. அந்த அனுபவத்துக்கு நூல்களில் பெயர் உண்டு என்பதே பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் கோயில் அவனை விடவில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் முன்னால் நின்று கண்ணீர் வடித்தது இதற்கடுத்த சில வாரங்களில்தான். உள்ளே கண்டது வெளியே இருந்த தெய்வத்தைத் தள்ளிவிடவில்லை. இதைக் கவனிக்காமல் ரமணரை வெறும் தத்துவ ஞானியாகச் சொல்வது பாதிச் சித்திரமே.

1896 ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்தான். அந்தக் கடிதம் ‘நான்’ என்று ஆரம்பித்து, சில வரிகளில் ‘இது’ என்று மாறிவிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. செப்டம்பர் 1 அன்று அருணாசலம் எனப்படும் திருவண்ணாமலை சேர்ந்தவர், பிறகு அந்த ஊரைவிட்டுப் போகவேயில்லை.

1898இல் அழகம்மாள் வந்து அழுது கூப்பிட்டும் பிள்ளை அசையவில்லை. 1916இல் அவரே மகனோடு தங்க வந்து, மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். மகனைத் திருப்பி அழைத்துப்போக வந்த தாய், கடைசியில் மகன் கண்டதைத் தானும் தேடினார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும்வரை ஒரு கையைத் தாயின் தலையிலும் ஒரு கையை மார்பிலும் வைத்தபடி ரமணர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததே ரமணாசிரமம்.

முதுமையில் இடது கையில் புற்றுநோய்க் கட்டி. 1949இல் நான்கு அறுவை சிகிச்சைகள். வலியிலும் தரிசனத்துக்கு வந்தவர்களைத் தடுக்க அவர் சம்மதிக்கவில்லை. எங்களை விட்டுப் போகிறீர்களே என்று கலங்கியவர்களிடம், போவதற்கு வேறு இடம் எது, இங்கேதான் இருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு மூச்சு நின்றபோது, அறைக்கு வெளியே பக்தர்கள் அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

திருச்சுழியில் அவர் பிறந்த வீட்டை ஆசிரமம் வாங்கி, ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் பராமரிக்கிறது. பட்டம் செய்த பிள்ளை ஓடி ஒளிந்த சந்நிதிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.