கையும் சான்றிதழும்: பிலிப்பைன்ஸ் மரபு மருத்துவத்தின் அங்கீகாரம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் 8423ஆம் இலக்கக் குடியரசுச் சட்டம் 1997ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆம் திகதி சனாதிபதி பிடல் ராமொஸினாற் கைச்சாத்திடப்பட்டது. மரபு மருத்துவத்தையும் மாற்று மருத்துவத்தையும் அரசு அங்கீகரித்துப் பேணுவதற்கென எழுந்த அச்சட்டத்தைப் படிப்போர் இரண்டு இடங்களிலே சற்றுத் தரித்து நிற்பர். முதலாவது, மரபு வைத்தியர் யார் என்பதற்கு அது தரும் வரைவிலக்கணம். வயது முதிர்ந்தவர், தம் சமூகத்தினராற் பெரிதும் மதிக்கப்படுபவர், மரபுவழி மருந்துகள் பற்றி ஆழ்ந்த அறிவுடையவர் என்ற கருத்துப்பட அது அமைகின்றது. பரீட்சையோ பயிற்சி மணித்தியாலங்களோ அவ்வரைவிலக்கணத்திற் பேசப்படவில்லை. ஊராரின் மதிப்பே உரைகல். இரண்டாவது, இம்மருத்துவத்தை உள்நாட்டு, சர்வதேச மாநாடுகளிலே பிரசித்தப்படுத்துவது பற்றிய வாசகம். அப்பணிக்கு ஒத்துழைக்க வேண்டியோர் வரிசையில் உல்லாசப் பயணத்துறைத் திணைக்களத்தின் பெயருடன் தீர்வையற்ற கடைகளை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் இடம்பெறுகின்றது. ஊர்க் கிழவியின் கையும் தீர்வையற்ற கடையும் ஒரே சட்டத்திலே சந்திப்பது தற்செயலான நிகழ்ச்சியன்று. அச்சந்திப்பு எவ்வாறு நேர்ந்தது, அதனாற் பயனடைந்தோர் யாவர் என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இலக்கிய ஆய்வாளருக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். சொற்களே எம்மை இதற்குள் இழுத்தன. கிராமத்து மூலிகை வைத்தியரை இன்றைய பிலிப்பைன்ஸ் மக்கள் 'அல்புலார்யோ' என்பர். மூலிகைக்காரன் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லின் திரிபு அது. ஆனால் 'ஹிலொட்' என்பது அம்மண்ணின் சொல். உடலைக் கையால் நீவுதலையும், சுளுக்கும் மூட்டுப் பிசகும் சரிசெய்தலையும் அது குறிக்கும். பல இடங்களிலே மகப்பேறு பார்க்கும் மருத்துவிச்சிக்கும் அதுவே பெயர். தேங்காயெண்ணெய் பூசிய வாழையிலையை நோயாளியின் உடல்மீது மெல்ல இழுத்துச் செல்வார் ஹிலொட் செய்பவர். இலை எங்கே ஒட்டி நிற்கின்றதோ அங்கே 'குளிர்' கட்டியிருக்கின்றது எனக் கொள்வார். வேலை செய்து சூடேறிய உடலிலே திடீரெனக் குளிர்ந்த நீர் படுவதால் உண்டாவதாகக் கருதப்படும் 'பஸ்மா' என்ற நோய்க் கருத்தும் இத்தகையதே. துணி வெளுப்போர், வயலில் நிற்போர், தொழிற்சாலையிலே இரவு வேலை செய்வோர் ஆகியோரின் நடுங்கும் கைகளுக்கும் வியர்க்கும் உள்ளங்கைகளுக்கும் அது பெயர் தருகின்றது. மைக்கேல் டான் என்னும் மானிடவியலாளர் இச்சொற்களை மூடநம்பிக்கையென ஒதுக்காது, மக்கள் தம் உடலைப் பற்றி அமைத்துக்கொண்ட கோட்பாடுகளாக ஆராய்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. உழைப்பின் வரலாறு உடலிலே எழுதப்பட்டிருக்கும் விதத்தை பஸ்மா என்ற ஒரு சொல் காட்டுமளவுக்குப் பல புள்ளிவிவரங்கள் காட்டுவதில்லை என்பது எமது கருத்து.

இக்கிராமிய வைத்தியத்திலே வழக்கமாக விலை கூறப்படுவதில்லை. குணப்படுத்தும் ஆற்றல் அருளப்பட்டது, ஆதலால் அதனை விற்றல் தகாது என்பது நம்பிக்கை. நோயாளி விரும்பியதைக் கொடுப்பார். அரிசியாகவோ கோழியாகவோ சில்லறைக் காசாகவோ அது இருக்கும். இதனை வெறும் ஈகையாக நாம் கருதிவிடுதல் கூடாது. கொடுப்பவரும் பெறுபவரும் நாளையும் ஒரே ஊரிலே வாழப்போகின்றவர்கள். கடனும் நன்றியும் மனிதரிடையே சுற்றிவரும் உறவு அது. பண்டமாற்றத்திற்கும் பண்ட உற்பத்திக்கும் இடையிலே உள்ள தூரத்தைச் சான்றிதழ்க் காலம் கடக்க வேண்டியிருந்தது.

ஸ்பானியர் வருமுன்னர் விசயாத் தீவுகளிலே பாபாய்லான் என்றும் தகாலொக் மக்களிடையே கத்தலோனன் என்றும் வழங்கப்பட்டோர் பெரும்பாலும் பெண்கள். பூசகரும் வைத்தியரும் சமூக நினைவைக் காப்போரும் அவர்களே. இவர்களைப் பற்றி எமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகள் பல இவர்களின் பகைவர் எழுதியவை. 1604இல் உரோமாபுரியிலே அச்சேறிய பேத்ரோ சிரினோவின் நூலும், 1668இல் அல்சினா எழுதிய விசயா வரலாறும் மதகுருமார் ஆக்கங்கள். பேய்க்கு ஊழியம் செய்வோர் என இகழும் கையே அவர்தம் சடங்குகளையும் மருந்துகளையும் நுணுக்கமாகப் பதிவு செய்தது. வில்லியம் ஹென்றி ஸ்கொட் 1982இல் வெளியிட்ட நூலில், ஸ்பானிய ஆவணங்களைக் காகிதத் திரையாக உருவகித்து, அதிலுள்ள வெடிப்புகளினூடே மக்களைக் காணலாம் என்று காட்டினார். அவ்வெடிப்புகளினூடே எதிர்ப்பும் தெரிகின்றது. 1621-22இல் போஹோல் தீவிலே தம்பிளொட் என்னும் பாபாய்லான் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

பூசகரை ஒழிக்க முற்பட்டவர்கள் செடியை விட்டுவைத்தனர். விட்டுவைத்ததோடன்றி எடுத்தும் சென்றனர். 1688 முதல் 1706இல் இறக்கும்வரை மணிலாவிலே மருந்தகம் நடத்திய இயேசுசபைச் சகோதரர் கமெல், தீவுகளின் தாவரங்களை வரைந்தும் விவரித்தும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1704இல் இங்கிலாந்தின் ஜோன் ரேயினது தாவர நூலிலே அவை பின்னிணைப்பாயின. விசயா மக்கள் இகாசுட் என்று வழங்கிய நச்சுவிதை புனித இக்னேசியசின் பெயரைப் பெற்றது. 1818இல் பிரெஞ்சு இரசாயனர் இருவர் அவ்விதையிலிருந்தே ஸ்ட்ரிக்னினைப் பிரித்தெடுத்தனர். கமெலின் நினைவாகவே லின்னேயஸ் ஒரு பேரினத்துக்குக் கமெலியா எனப் பெயரிட்டார். எமது மலையகத்துத் தேயிலையும் இன்று அப்பேரினத்தைச் சேர்ந்ததே. மருந்தாளரின் பெயர் இவ்வாறு உலகெங்கும் தளிர்க்க, அவ்விதையின் குணத்தை அறிந்திருந்த தீவு மக்களின் பெயர் ஒன்றேனும் எஞ்சவில்லை. அறிவை அறிந்தவரிடமிருந்து பிரித்தெடுத்தலின் முதற் கட்டம் இது.

அமெரிக்க ஆட்சிக் காலத்தைச் சுருங்கக் கூறலாம். நேக்ரோஸ் தீவின் சீனித் தோட்டங்களிலே கூலிகளைத் திரட்டிப் போராடிய பாபாய்லான் தலைவர் பாப்பா இசியோ 1907இல் சரணடைந்து சிறையிலே மாண்டார். 1902இல் பரவிய வாந்திபேதியை அடக்க வந்த சுகாதார அதிகாரிகள் படைவீரரின் பாங்கிலேயே குடிசைகளுக்குள் நுழைந்தனர். அந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மணிலாவில் மருத்துவக் கல்லூரி எழுந்தது. சுதந்திரத்தின் பின்னர், 1959ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பதிவுபெறாதோர் ஊதியத்திற்கு நோய் பார்ப்பதைக் குற்றமாக்கியது. நாட்டின் பெரும்பாலான கிராமங்களிலே பதிவுபெற்ற வைத்தியரே இல்லாத காலத்தில் இச்சட்டம் வந்தது என்பது நினைவிற் கொள்ள வேண்டியது.

1970-களில் நிலைமை வேறு திசையிற் திரும்பியது. 1972இல் மார்க்கொஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். அடுத்த ஆண்டே கிராமப்புறத் துறவியர் தொடக்கிய சமூக அடிப்படையிலான சுகாதாரத் திட்டங்கள், விவசாயிகளுக்கு மூலிகைகளையும் அக்குபங்சரையும் கற்பித்தன. மருந்தில்லாமையின் காரணத்தை ஆராய்ந்த விவசாயி நிலமில்லாமையின் காரணத்தையும் ஆராயத் தொடங்கியமை வியப்பன்று. அரசு இதனை நன்கு உணர்ந்திருந்தது. இவ்வியக்கத்திற் பணியாற்றிய இளம் வைத்தியர் றெம்பேர்த்தோ டி லா பாஸ் 1982 ஏப்ரலில் சாமார் தீவிலே சுட்டுக்கொல்லப்பட்டார். மரபு மருத்துவத்தைப் பகிர்தல் என்ற தொடர் அன்று உயிர்விலை கேட்ட தொடராக இருந்தது. மாநாட்டு மண்டபங்களில் அதனைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு இந்நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது.

அதே காலத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மூலிகைகளைச் சோதித்து வந்தனர். நெலியா கோர்டெஸ்-மரம்பா தலைமையிலான ஆய்வின் பேறாக, 1992இல் சுகாதாரச் செயலாளர் வான் பிளாவியரின் காலத்தில் பத்து மூலிகைகள் அரசினாற் பரிந்துரைக்கப்பட்டன. அவற்றுள் உள்ளியும் கொய்யாவும் பாகலும் எமக்குப் பழக்கமானவை. முதலிடம் பெற்ற லகுண்டி வேறெதுவுமன்று, எமது நொச்சியே. வேலியோரத்து நொச்சியிலையை அவித்துக் குடித்தால் இருமல் தணியும் என ஆய்வுகூடம் உறுதிசெய்தமை நற்செய்தி. ஏழை மக்கள் அதனைத் தாமே நட்டுக்கொள்ளலாம் என்று பிளாவியர் ஊரூராகச் சொன்னதும் மெய். ஆயினும் அதே நொச்சி, தனியார் கம்பனிகளின் மாத்திரையாகவும் பாணியாகவும் நகரத்து மருந்துக் கடைகளை அடைந்தது. இரண்டாம் கட்டப் பிரிப்பு இதுவாகும்.

1997இல் ஒரு முரண்பாடு சட்டவடிவம் பெற்றது. டிசெம்பரில் மரபு மருத்துவச் சட்டம் வருவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 29இல், பூர்வீகக் குடிகளின் உரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. மருத்துவ அறிவு உட்பட மரபறிவு முழுவதும் அச்சமூகத்தின் உடைமை, அதன் சுயாதீனமான முன்சம்மதமின்றி அதனை எடுத்தல் ஆகாது என்கிறது முந்தியது. தரங்களை வகுத்து, பயிற்சி நெறிகளை அமைத்து, வெளியுலகிற்குக் காட்டுக என்கிறது பிந்தியது. பிந்திய சட்டமும் நியாயமற்ற சுரண்டலிலிருந்து இவ்வளங்களைக் காக்க வேண்டும் என்று கூறுவது உண்மையே. ஆனால் முந்தியது கூட்டுடைமையைப் பேசுகின்றது. பிந்தியது தனியாளுக்குச் சான்றிதழ் வழங்குகின்றது.

அவ்வாறு சான்றளிக்கப்பட்ட துறைகளில் ஹிலொட்டும் ஒன்று. தொழிற்பயிற்சி அதிகாரசபை 'ஹிலொட்' என்ற பெயரிலேயே ஒரு தேசிய தகைமைச் சான்றிதழை அமைத்தது. அதன் அடைமொழி நலம்பேணும் மசாஜ் என்பது. ஈராயிரமாம் ஆண்டுக்குப் பின், தாய்லாந்து தன் நாட்டு மசாஜைக் கொண்டு உல்லாசப் பயணிகளை ஈர்த்ததைக் கண்ட மணிலா, ஹிலொட்டைத் தனது விடுதிகளின் முத்திரையாக முன்வைத்தது. வாழையிலையும் தேங்காயெண்ணெயும் விடுதி அறைக்குள் வந்தன. 'குளிர்' என்ற நோய்க் கருத்து, களைப்பு நீக்கம் என்ற சேவையாகப் பெயர்க்கப்பட்டது. நோயாளி வாடிக்கையாளர் ஆனார்; விலைப்பட்டியல் சுவரிலே தொங்கியது. மூன்றாம் கட்டத்திலே பிரித்தெடுக்கப்பட்டது செடியன்று, கையே.

ஆனால் ஹிலொட் என்ற சொல்லுக்கு மருத்துவிச்சி என்ற பொருளும் உண்டென முன்னர் கண்டோம். 2008இல் சுகாதாரத் திணைக்களம் பிறப்பித்த நிர்வாகக் கட்டளை, பிரசவங்கள் யாவும் சுகாதார நிலையங்களில் நிகழ வேண்டும் என்று வற்புறுத்தியது. அதனைத் தொடர்ந்து பல நகரசபைகள் வீட்டுப் பிரசவத்தைத் தடைசெய்து, பிரசவம் பார்த்த ஹிலொட்டுக்குத் தண்டப்பணம் விதித்தன. சில இடங்களிலே தாய்க்கும் விதித்தன. இக்கட்டளைக்கு நியாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1993இல் 209 ஆக இருந்த தாய் மரணம் 2006இல் 162 ஆகவே குறைந்திருந்தது. 2015க்கான இலக்கோ 52. பேற்றின்பின் குருதி பெருகும் தாய்க்கு வேண்டியது குருதியேற்றும் வசதியே. மரபின் பெயரால் இதனை மறைப்போர் மக்களின் நண்பர் ஆகார். சுகாதார நிலையங்களிலே நிகழ்ந்த பிரசவங்கள் 2008இல் நூற்றுக்கு 44 ஆக இருந்து 2017இல் 78 ஆக உயர்ந்தமையும் வரவேற்கத்தக்கதே. ஆனால் மலையிலிருந்து இறங்கப் பாதையும் படகுக் கூலியும் இல்லாத தாயை நோக்கித் தண்டச்சீட்டை நீட்டியது எந்த மருத்துவம்? 1950-களிலிருந்து அரசே இம்மருத்துவிச்சியருக்குப் பயிற்சியளித்து வந்தது. அவர்களைத் தாய்க்கும் வைத்தியசாலைக்கும் இடையே துணைவராக நிறுத்திய ஊர்களும் உண்டு. அவ்வாறு செய்ய இயலும் என்பதற்கு அவையே சான்று. விடுதியிலே நீவும் ஹிலொட்டுக்குச் சான்றிதழ், குடிசையிலே பிள்ளை ஏந்தும் ஹிலொட்டுக்குத் தண்டம் என்ற இந்நிலையை மருத்துவ விஞ்ஞானம் மட்டும் விளக்கமாட்டாது. ஒன்று அந்நியச் செலாவணி தருவது, மற்றையது தராதது.

அந்நியச் செலாவணி என்றதும் கடல்கடந்த கதையையும் சேர்த்தே நோக்க வேண்டும். இக்கதையின் முதல் அத்தியாயம் வெட்கத்துக்குரியது. கத்தியின்றி வயிற்றிலிருந்து கட்டியை எடுப்பதாகக் கூறிய 'ஆவிச் சத்திரசிகிச்சை'யை நாடி மேற்குநாட்டு நோயாளர் பயண முகவர்கள் மூலம் பிலிப்பைன்ஸுக்கு வந்து குவிந்தனர். 1975இல் அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அது முழு மோசடி எனத் தீர்ப்பளித்து அப்பயண விளம்பரங்களைத் தடுத்தது. அதன் நிழல் நேர்மையான வைத்தியர்மீதும் நெடுங்காலம் படிந்தது. இரண்டாவது அத்தியாயம் உழைப்பின் ஏற்றுமதி. 1974ஆம் ஆண்டின் தொழிற் சட்டக் கோவை முதல் மனித உழைப்பைத் திட்டமிட்டு வெளியனுப்பிய அரசு, தாதியரை அனுப்பிய வழியிலேயே சான்றிதழ் பெற்ற கைகளையும் அனுப்பலாயிற்று.

மூன்றாவது, புலம்பெயர்ந்தோரின் தேட்டம். கலிபோர்னியாவிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாபாய்லான் என்ற சொல்லிலே தம் இழந்த அடையாளத்தைத் தேடினர். லெனி ஸ்திரோபல் முதலியோர் 2010இல் அதனை மையமாக்கி நூலும் மாநாடும் கண்டனர். நிறவெறியினால் தாழ்த்தப்பட்டோர் தம் மூதாதையரை நாடுவதை இகழ நாம் யார்? ஆயினும் மூதாதையர் என்று கொண்டாடப்படுவோர் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்பதே இதிலுள்ள இடர். பாடகியும் ஆய்வாளருமான கிறேஸ் நோனோ 2021இல் வெளியிட்ட நூல், மின்டனாவோவிலும் ஏனைய தீவுகளிலும் இன்றும் சடங்கு நிகழ்த்தும் பெண்களிடமே சென்று அவர்தம் குரலைக் கேட்டது. பாபாய்லான் என்ற பெயரிலே தம்மைப் பற்றிப் பேசப்படுவதற்கும் தமது நாளாந்த வாழ்வுக்கும் உள்ள இடைவெளி அங்கு வெளிப்படுகின்றது. அப்பெண்களிற் பலரிடம் சான்றிதழ் எதுவுமில்லை; அவர்களைத் தேடி இரவிலே கதவைத் தட்டுவோர் அதனைக் கேட்பதுமில்லை.