அச்சுக்கூடமும் ஆலிம்களும்

‘அச்சு இயந்திரத்தை ஆலிம்கள் ஹறாம் என்று விலக்கினார்கள், அதனாலேயே முஸ்லிம் சமுதாயம் அறிவுத் துறையில் பின்தங்கியது’ என்னும் கூற்று மேடைகளிலும் நூல்களிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இதனைக் கேட்டு வந்து வீட்டிலுள்ள பெரியோர்களிடம் வினவுகின்றனர். கேட்ட பெரியோரில் சிலர் நாணித் தலைகுனிகின்றனர். சிலரோ, ‘இது மாற்றார் கட்டிய பொய்’ என்று சினந்து பேச்சை முடித்துவிடுகின்றனர். நாணமும் சினமும் விடையாகமாட்டா. நடந்தது என்ன என்று ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதே அறிவுடையோர் செயல். அவ்வாறு பார்க்கும்போது, இவ்விரு சாராரும் எதிர்பாராத ஒரு படிப்பினை அவ்வரலாற்றில் இருப்பதைக் காண்கிறோம்.

ஏடு எழுதிய முறை

ஓதுதலையும் எழுதுகோலையும் முன்னிறுத்தி இறங்கிய வஹீயைத் தொடக்கமாகக் கொண்ட உம்மத்து இது. சீனத்துக் காகிதம் செய்யும் கலையை எட்டாம் நூற்றாண்டிலேயே கற்று, ஸமர்கந்திலும் பக்தாதிலும் காகிதப் பட்டறைகளை அமைத்தவர்கள் முஸ்லிம்கள். மரத்திலும் உலோகத்திலும் எழுத்தைச் செதுக்கிக் காகிதத்தில் பதிக்கும் வித்தையும் அவர்களுக்குப் புதியதன்று. ‘தர்ஷ்’ எனப்பட்ட அம்முறையால் எகிப்தில் பதிக்கப்பட்ட தாயத்துத் தாள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றுள் பல, ஐரோப்பாவில் குட்டன்பர்க் அச்சுக்கலையைத் தொடங்கிய பதினைந்தாம் நூற்றாண்டுக்கு மிக முற்பட்டவை.

ஆனால் கல்வி நூல்களைப் பொறுத்தவரை முன்னோர் கைக்கொண்ட முறை வேறு. ஒரு மாணவர் நூலைப் படியெடுத்தால் அது உடனே நூலாகிவிடாது. மூலப் பிரதியோடு அதனை வரிக்கு வரி ஒப்பு நோக்க வேண்டும். இதற்கு ‘முகாபலா’ என்று பெயர். ஆசிரியர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைய வாசிப்பு எவ்விடத்தில் நின்றதோ அவ்விடத்து ஓரத்தில் ‘பலக’ (எட்டியது) என்று குறிப்பார்கள். முழுமையும் வாசித்து முடித்த பின்னரே, பிறருக்கு அறிவிக்கும் ‘இஜாஸத்’ கிடைக்கும். ஆகவே ஒரு கிதாபின் மதிப்பு அதன் தாளிலோ மையிலோ இல்லை. அதைத் திருத்தியவர் யார் என்பதிலேயே இருந்தது.

தடை இருந்ததா?

உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485-இல் அச்சுக்கலைக்கு மரண தண்டனை விதித்துத் தடையிட்டார் என்பர். இக்கதையின் வேரைத் தேடிச் சென்றால், 1584-இல் ஆந்திரே தெவே என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய நூலில் போய் நிற்கும். சுல்தானின் மூல ஆணையை இதுவரை எவரும் கண்டு வெளியிட்டிலர். அந்த சுல்தானின் தலைநகரான இஸ்தான்பூலில்தான், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டுத் தஞ்சம் புகுந்த யூதர்கள் 1493-இல் ஹீப்ரு நூலை அச்சிட்டனர். அர்மீனியர் 1567-இல் தம் அச்சுக்கூடத்தை அங்கு நிறுவினர். 1588-இல் மூன்றாம் முராத், ஐரோப்பாவில் அச்சான அறபு நூல்களை வணிகர்கள் தம் நாட்டில் விற்கலாம் என்று ஆணையிட்டார்.

அவ்வாறாயின் முஸ்லிம்கள் ஏன் அச்சிடவில்லை? காரணங்கள் பல. ஏடெழுதுவோரின் பிழைப்பு ஒன்று. அழகெழுத்தின்மீது மக்களுக்கு இருந்த காதல் மற்றொன்று. அறபு எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வெவ்வேறு உருக்கொள்வது. புள்ளியும் ஹறகத்தும் சேர்ந்தால் வார்க்க வேண்டிய அச்செழுத்துகள் பல நூறாகும். இவற்றினும் பெரிய காரணம், திருத்தப்படாத எழுத்தின்மீது இருந்த அச்சம் என்பது எம் கருத்து.

அவ்வச்சம் வீண் அச்சமன்று. வெனிஸ் நகரத்துப் பகனினி என்னும் தந்தையும் மகனும் 1537-38-இல் திருக்குர்ஆனை அச்சிட்டனர். அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட அப்பதிப்பின் ஒரே பிரதி, 1987-இல் வெனிஸ் நகரத்து மடமொன்றின் நூலகத்தில் கண்டறியப்பட்டது. புள்ளியிட வேண்டிய எழுத்துக்குப் புள்ளி இல்லை. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் பிறிதோர் எழுத்து நிற்கின்றது. நம் மக்தபில் ஓதும் சிறுவன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருந்தாலும் அப்பிழைகளிற் பல நின்றிரா. இயந்திரம் சிறந்ததே, திருத்துவார்தாம் இல்லை.

ஷைகுல் இஸ்லாமின் பத்வா

ஹங்கேரியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய இப்ராஹீம் முதபர்ரிகா என்பவர், பாரிஸ் தூதுக்குழுவில் சென்று திரும்பிய ஸஈத் எபந்தியோடு கூடி, அச்சுக்கூடம் நிறுவ அனுமதி வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தார். சுல்தான் மூன்றாம் அஹ்மதின் காலம் அது. அச்சின் நன்மைகளை எடுத்துரைத்து அவர் ஒரு சிறுநூலே எழுதினார். மங்கோலியர் படையெடுப்பிலும் அந்தலுஸின் வீழ்ச்சியிலும் அழிந்துபோன நூல்களை அதில் நினைவூட்டினார்.

வினா ஷைகுல் இஸ்லாம் யெனிஷெஹிர்லி அப்துல்லாஹ் எபந்தியிடம் சென்றது. அவர் ஹறாம் என்று கூறினாரா? இல்லை. குறைந்த உழைப்பில், குறுகிய காலத்தில், நிறையப் பிரதிகள் கிடைத்து நூல்களின் விலை குறையுமாதலால் இது போற்றத்தக்க செயல் என்றே விடையளித்தார். அதனோடு ஒரு நிபந்தனையையும் இணைத்தார்: அச்சாகும் நூலைத் திருத்துவதற்குக் கற்றறிந்தோர் நியமிக்கப்படவேண்டும். 1727-இல், ஹிஜ்ரி 1139-இல், பிறந்த அரச ஆணை அதனை நிறைவேற்றியது. காழிகளாக இருந்த மூவரும், காஸிம்பாஷா மௌலவிய்யா தர்காவின் ஷைகு ஒருவரும் திருத்துநர்களாக நியமனம் பெற்றனர். 1729-இல் முதல் நூல் வெளிவந்தது. இமாம் ஜௌஹரியின் ‘ஸிஹாஹ்’ அறபு அகராதியின் துருக்கி மொழிபெயர்ப்பு அது. அந்த பத்வாவும் அரச ஆணையும் அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டன.

ஆகவே, ஆலிம்கள் அச்சை விலக்கினர் என்பது இந்த ஏட்டின் முன் நில்லாது.

நம் பக்கத்துக் குறை

ஆயினும் இத்தோடு நிறுத்திப் பெருமை பேசிக்கொண்டால் நாம் நீதி செய்தவர்களாகோம். முதபர்ரிகாவின் விண்ணப்பத்திலேயே தப்ஸீர், ஹதீஸ், பிக்ஹு, கலாம் ஆகிய துறை நூல்கள் விடப்பட்டிருந்தன. ஆணையும் அவ்வாறே அமைந்தது. அகராதியும் வரலாறும் புவியியலும் அச்சாயின. மதரஸா மாணவர் நாள்தோறும் கையிலெடுக்கும் கிதாபுகள் அச்சாகவில்லை. வாங்குவோர் பெருகாததில் வியப்பென்ன? 1742 வரை அவர் வெளியிட்ட நூல்கள் 17 மட்டுமே. அவருக்குப் பின் அகராதி மறுபதிப்பாக ஒருமுறை வந்தது. பிறகு 1784 வரை அச்சுக்கூடம் உறங்கிற்று. இஸ்தான்பூலில் ஒரு மார்க்க நூல், அதாவது இமாம் பிர்கிவியின் ‘ரிஸாலா’, அச்சில் வந்தது 1803-இல்தான். இப்னு ஸீனாவின் ‘கானூன்’ ரோமாபுரியில் அறபிலேயே 1593-இல் அச்சாகிவிட்டதை இத்துடன் வைத்து எண்ணிப் பாருங்கள். நம் மருத்துவ மேதையின் நூலை, நாம் அச்சுக்கூட அனுமதி பெறுவதற்கு 134 ஆண்டுகள் முன்னரே பிறர் அச்சிட்டுவிட்டனர்.

அனுமதித்தார்கள், ஆனால் தழுவிக்கொள்ளவில்லை. ஒரு கருவியை ஆகுமானது என்று கூறி, அதனைப் பிறர் கையில் விட்டுவிட்டு வாளாவிருப்பதும் ஒருவகை இழப்பே. தடையால் வந்த இழப்பைக் காட்டிலும் இது நுட்பமானது. அதனால் நம் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

பூலாக்கில் அமர்ந்தவர்கள்

எகிப்தில் முஹம்மது அலீ பாஷா 1820-ஆம் ஆண்டளவில் நிறுவிய பூலாக் அச்சுக்கூடத்தில் நிலைமை மாறியது. அல்-அஸ்ஹரில் ஓதிய உலமாக்கள் அங்கே ‘முஸஹ்ஹிஹ்’ என்னும் திருத்துநர் பணியில் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஷைகு நஸ்ர் அல்-ஹூரீனி, அச்சுப்பணியில் தேவைப்பட்ட எழுத்திலக்கணத்தைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

இப்பணியின் சிகரம் ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை, ஒன்பது பாகங்களாக வெளிவந்த ஸஹீஹுல் புகாரியின் பதிப்பு. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணையால் வந்ததாகலின் அது ‘சுல்தானிய்யா’ எனப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹாபிழ் யூனீனி பல பிரதிகளை ஒப்பு நோக்கி அமைத்த பாடமே அதற்கு அடிப்படை. ‘அல்ஃபிய்யா’ பாடிய இலக்கண மேதை இப்னு மாலிக், யூனீனியின் அவையில் அமர்ந்து இலக்கண ஐயங்களைத் தீர்த்துவைத்தார் என்பது ஓதியோர் அறிந்த செய்தி. அச்சான பின்னும் வேலை முடியவில்லை. ஷைகுல் அஸ்ஹர் ஹஸ்ஸூனா அந்நவாவியின் தலைமையில் 16 ஆலிம்கள் அமர்ந்து, அச்சான பாகங்களை வரி வரியாக வாசித்தனர். கண்ட பிழைகளைப் பட்டியலிட்டனர். பழைய முகாபலா அச்சுக்கூடத்துக்குள் வந்து அமர்ந்தது. இன்றளவும் ஹதீஸ் கற்போர் அப்பதிப்பை நாடுவது அதனால்தான்.

நம் தமிழகத்தில்

இப்படிப்பினைக்கு நாம் கெய்ரோவரை செல்ல வேண்டுவதில்லை. தமிழில் அச்சு 1578-இலேயே வந்துவிட்டபோதிலும், அது நெடுங்காலம் பாதிரிமார் கையிலும் அரசின் கையிலுமே இருந்தது. 1835-இல் சட்டம் தளர்ந்தபின் அச்சுக்கூடங்கள் நம் நாட்டவர் கையில் பெருகின. அதன்பின் ஏழே ஆண்டுகளில், 1842-இல், உமறுப்புலவரின் சீறாப்புராணம் அச்சேறியது. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, பாடம் தேர்ந்து, அதனைப் பதிப்பித்தவர், ‘புலவர் நாயகம்’ என்று போற்றப்படும் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம் அது. ஏட்டில் புள்ளியின்றி எழுதிய எழுத்தைப் பாட்டின் ஓசையாலும் பொருளாலும் தெளிந்து, அறபுச் சொல்லை அறபறிவாலும் தமிழ்ச் சொல்லைத் தமிழறிவாலும் தீர்மானிக்க வேண்டும். இரண்டும் கற்ற ஓர் ஆலிமுக்கே அது கைகூடும். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவ்வாண்டில் பிறந்திருக்கவில்லை என்பதை நினைவிற்கொண்டால் இப்பணியின் முன்மை விளங்கும்.

எழுதியதை எழுதியவாறே கல்லில் ஏற்றிப் பதிக்கும் கல்லச்சு வந்தபின், வார்ப்பெழுத்தின் தொல்லை நீங்கிற்று. அறபுத் தமிழ் கிதாபுகளும் மாலைகளும் வீடுதோறும் புகுந்தன. தமிழ் எழுத்தறியாத நம் மூதாட்டியரும் தொழுகையின் பர்ளுகளையும் சுன்னத்துகளையும் அவற்றில் ஓதி அறிந்தனர்.

இன்றைய அச்சுக்கூடம்

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் அச்சுக்கூடம் இருக்கின்றது. கைப்பேசியில் விரலால் தொட்டால் ஆயிரம் பேருக்குச் செய்தி செல்கின்றது. இக்கருவி ஆகுமா ஆகாதா என்று வழக்காடும் காலம் கடந்துவிட்டது. தேடிய ஹதீஸை நொடியில் எடுத்துத் தருவதும், தொலைதூர நூலகத்துக் கையெழுத்துப் பிரதியை நம் திண்ணையில் காட்டுவதும் அல்லாஹ்வின் நிஃமத்துகளே.

ஆனால் இவ்வச்சுக்கூடத்தில் முஸஹ்ஹிஹ் எங்கே? ‘ரமளான் வரும் செய்தியை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹறாமாகும்’ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரால் ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றி வருகின்றது. ஹதீஸ் நூல்களில் அதற்கு அடிப்படை இல்லை. அனுப்புவோர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகின்றனர். வெனிஸ் அச்சகத்தார் கொண்டிருந்ததும் தீய எண்ணம் என்று கூறவியலாது. நல்லெண்ணம் பிழையைத் திருத்தாது. இப்பொழுது வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, ஹதீஸின் நடையிலேயே ஒரு வாக்கியத்தை அமைத்து, இல்லாத பக்க எண்ணையும் கொடுத்துவிடக்கூடியவை. பொய் ஹதீஸை இனம் காணும் கலை பழைய மதரஸாப் பாடம் என்று எண்ணியிருந்தோருக்கு, அது இன்றைய அன்றாடத் தேவை என்பது இனியேனும் விளங்கவேண்டும்.

எனவே நாம் இரு தரப்பாரிடமும் வேண்டுகோள் விடுக்கிறோம். ஆலிம்களே! இக்கருவியை ‘உலக வேலை’ என்று ஒதுக்கி, முதபர்ரிகாவின் காலத்தில் நேர்ந்ததுபோல் கிதாபுகளை வெளியே நிறுத்திவிடாதீர்கள். பூலாக்கில் அமர்ந்தவர்களைப் போல அதனுள் அமருங்கள். மதரஸா மாணவர்க்கு அதனைக் கற்பியுங்கள். குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! வந்த செய்தியை அனுப்புமுன் எந்த நூல், எந்த பாபு, அறிவித்தவர் யார் என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள். செய்தி கொண்டு வருவோரை விசாரித்துத் தெளியுமாறு ஸூரத்துல் ஹுஜுறாத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை, காகிதத்துக்கு மட்டும் உரியதன்று. விடை கிடைக்காவிட்டால் அச்செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும்.

அன்று ஷைகுல் இஸ்லாம் கேட்டது இயந்திரத்தை நிறுத்துமாறு அன்று. அதன் பக்கத்தில் ஓர் ஆலிமை அமர்த்துமாறு. அந்நிபந்தனை இன்னும் நிலுவையில் இருக்கின்றது. அதனை நிறைவேற்றும் அறிவையும் ஆற்றலையும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.