பாட்டனும் பங்குதாரரும்: கொல்கத்தாவில் சீன மூலதனத்தின் மீதான ஐயம்

கொல்கத்தாவுக்குத் தெற்கே, பஜ்பஜை அடுத்து ஹூக்ளிக் கரையில் அச்சிப்பூர் என்றோர் ஊர் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டோங் அச்சியு என்னும் சீன வணிகருக்கு வாரன் ஹேஸ்டிங்ஸ் அங்கே நிலம் அளித்தார். அவர் சர்க்கரை ஆலை நிறுவிச் சீனத் தொழிலாளரை அமர்த்தினார். ஆலை நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. சீனப் புத்தாண்டையொட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் இன்றும் அங்குள்ள கோயிலுக்குச் செல்கின்றனர். கும்பினி அரசு இடங்கொடுத்த அயல் முதலீடு அது.

1962 எல்லைப் போர் இந்த உறவைத் தலைகீழாக்கியது. பாங்க் ஆஃப் சைனாவின் கல்கத்தா, பம்பாய்க் கிளைகள் மூடப்பட்டன. பணத்தை ஐயுற்ற அரசு, மனிதரையும் ஐயுற்றது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் பிறந்த அவசரச் சட்டம், இந்திய வம்சாவளியினர் அல்லாதோரில், இந்தியாமீது போரிடும் அல்லது 'வெளி ஆக்கிரமிப்பில்' ஈடுபடும் நாட்டின் குடிகளாகப் பிறந்தோரை அயலார் சட்டங்களின்கீழ்க் கொணர்ந்தது. முறைப்படி போர் அறிவிக்கப்படாத சூழலில் அந்த 'அல்லது' மிகுந்த பாரத்தைச் சுமந்தது. அடுத்து வந்த தடைப்பகுதி ஆணை பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் கணக்கில் எடுத்தது. அஸ்ஸாமிலும் வடவங்கத்திலும் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் பலர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர்.

சொத்துகளுக்கு 1968ஆம் ஆண்டின் எதிரிச் சொத்துச் சட்டம் நிலையான வடிவம் தந்தது. 2018இல் அரசு வெளியிட்ட கணக்கின்படி, பாகிஸ்தான் குடிகள் விட்டுச் சென்றவை 9,280. சீனக் குடிகள் விட்டுச் சென்றவை 126. பின்னவற்றுள் 57 மேகாலயாவிலும் 29 மேற்கு வங்கத்திலும் உள்ளன. எண்ணிக்கை சிறிது, ஆனால் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கவனத்திற்குரியது. எதிரியின் வாரிசு இந்தியக் குடிமகனாகவே இருப்பினும் அச்சட்டத்தின்படி அவரும் 'எதிரி'யே. குடியுரிமை மாறலாம், சொத்தைப் பொறுத்தவரை பிறப்புவழி மாறாது.

2020 ஏப்ரல் 17ஆம் நாளின் பத்திரிகைக் குறிப்பு எண் 3 வேறு மொழி பேசுகிறது. சீன மக்கள் வங்கி ஹெச்.டி.எஃப்.சி.யில் தன் பங்கை 1.01 விழுக்காடாக உயர்த்திய செய்தி வெளியான சில நாள்களில் வந்தது அக்குறிப்பு. அதில் 'சீனா' என்னும் சொல்லே இல்லை. 'இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாடு' என்று மட்டும் உள்ளது. பகையைக் குறித்த சொல் நிலவியலைக் குறிக்கும் சொல்லாயிற்று. விளைவாக, நேபாளத் தொழிலதிபரும் அரசின் முன்னனுமதி பெற வேண்டியவரானார். வங்கதேச, பாகிஸ்தான் முதலீடுகளுக்கு அந்த நிபந்தனை முன்பே இருந்தது.

இன்னொரு கலைச்சொல் இதனினும் முக்கியமானது: 'பயன்பெறும் உரிமையாளர்'. நிறுவனம் சிங்கப்பூரிலோ மொரீஷியஸிலோ பதிவாகியிருக்கலாம். அதன் பின்னால் இருப்பவர் யார் என்பதே கேள்வி. எத்தனை விழுக்காடு உடைமை இருந்தால் ஒருவர் 'பின்னால் இருப்பவர்' ஆவார் என்பதை 2020ஆம் ஆண்டுக் குறிப்பு வரையறுக்கவில்லை. 1962–63இன் ஆணைகள் மனிதருக்குப் பின்னே பாட்டனைத் தேடின. 2020இன் குறிப்பு நிறுவனத்துக்குப் பின்னே பங்குதாரரைத் தேடுகிறது. தேடும் முறை ஒன்றே. மனிதரைத் தேடியபோது மட்டும் வழி முகாமில் முடிந்தது.

பழைய முறை மறையவுமில்லை. டாங்ராவில் பிறந்த, இந்தியக் கடவுச்சீட்டு உடைய சீன வம்சாவளியினர் ஒருவர் இன்று தொழில் தொடங்கினால் மூன்றாம் எண் குறிப்பு அவரைத் தடுக்காது. அவருடைய பாட்டனாரின் வீடு எதிரிச் சொத்துக் காப்பாளரிடம் சேர்ந்திருந்தால், அதைத் தம் மரபுரிமையாகக் கேட்க அவருக்கு வழியில்லை.