கடைசிப் பக்கத்து முகவரிகள்

கூனிமேட்டில் பேருந்து ஏறினால் புதுச்சேரிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதற்குள் எல்லை மாறி மாறி வரும். கீழ்ப்புத்துப்பட்டு தமிழ்நாடு, கனகசெட்டிகுளமும் காலாப்பட்டும் புதுச்சேரி, பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் மறுபடி தமிழ்நாடு. இன்றைக்கு இந்த எல்லை சாராயக் கடைப் பலகையிலும் பெட்ரோல் விலையிலும்தான் தெரிகிறது. நூறு ஆண்டுக்கு முன்னால் அது ஒருவர் எதைப் படிக்கலாம், எதைப் படித்தால் போலீஸ் வரும் என்பதையும் தீர்மானித்தது.

வெள்ளைக்காரர்களின் போட்டி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1680-களிலேயே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் வாங்கிய பிறகு கம்பெனிக்கு இந்த இடம் தேவைப்படவில்லை, கைவிட்டுவிட்டது. ஊர் ஆங்கிலேயர் பக்கமே தங்கியது, தெற்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. இடையில் சாவடிகள்.

அந்தக் கொடியை நம்பித்தான் 1908-ல் பாரதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சென்னையில் 1906-ல் தொடங்கிய அவருடைய ‘இந்தியா’ வார இதழில் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டு தண்டனை பெற்றிருந்தார். பாரதியைத் தொடர்ந்து அச்சு இயந்திரமும் எல்லை தாண்டியது. அக்டோபரில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவந்தது. முதல் பக்கத்தில் அரசியல் கேலிச்சித்திரம் போட்டுத் தமிழ் வாசகருக்குப் பழக்கிய இதழ் அது. அதன் சந்தா விகிதமே ஒரு கேலிச்சித்திரம்தான்: அரசாங்கத்தாருக்கு வருடம் 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 3. கவர்ன்மெண்டு எத்தனை பிரதி வாங்கியதோ! அது வாங்காமலே கவனமாகப் படித்தது என்பது மட்டும் உறுதி. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் வரக்கூடாது என்று தடை வந்தது. சந்தாதாரர் கைக்குப் போய்ச் சேராத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் நின்றது.

அந்த ஆண்டே வந்த பத்திரிகைச் சட்டம், பிரிட்டிஷ் பகுதியில் அச்சகம் வைப்பவரும் பத்திரிகை நடத்துபவரும் ஜாமீன் பணம் கட்ட வேண்டும், எழுத்து பிடிக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும் என்றது. அதனாலேயே புதுச்சேரி அச்சகங்களுக்கு ஒரு தனி மவுசு. அரவிந்தரின் ‘ஆர்யா’ என்ற ஆங்கிலத் தத்துவ மாத இதழ் 1914 ஆகஸ்ட் 15-ல் இங்கே தொடங்கி 1921 வரை வந்தது. 1930-ல் ‘புதுவை முரசு’ சுயமரியாதைக் குரலோடு வந்தது. 1934-ல் வ. சுப்பையாவின் ‘சுதந்திரம்’. அடுத்த ஆண்டு, கவிதைக்கென்றே பாரதி பெயரில் ‘கவிதா மண்டலம்’. அதில் முன்னின்றவர் பாரதிதாசன். இத்தனையும் ஒரு சின்ன நகரத்தின் சில தெருக்களிலிருந்து.

ஆனால் பத்திரிகை அச்சாவது வேறு, அது இருப்பதே ஒருவருக்குத் தெரியவருவது வேறு. இரண்டாவதைப் பற்றி நம் இதழியல் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. யார் தொடங்கினார், எத்தனை ஆண்டு ஓடியது, ஏன் நின்றது என்று ஆசிரியர் பக்கத்திலிருந்தே கதை சொல்லிவிடுகின்றன. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பிறந்த, எதையாவது புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புள்ள ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ, சேலத்திலோ தில்லியிலோ ஒரு இதழ் தொடங்கியிருக்கிறது என்ற சேதி எப்படி வந்தது?

சுலபமாக வரவில்லை. காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. உப்பும் விறகும் படகேறி அதன் வழியே சென்னைக்குப் போயின. பத்திரிகை போனது ரயிலில். ரயில் திண்டிவனம் வழியாக விழுப்புரம் போயிற்று, இந்தக் கரையைத் தொடவில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரிப் பேருந்துகளும் திண்டிவனம் வழிதான். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது 1990-களின் இறுதியில். எனவே புதிய இதழ் வேண்டியவர் ஒன்று திண்டிவனம் ரயிலடிக்குப் போக வேண்டும், அல்லது புதுச்சேரிக்கு. இரண்டும் இல்லாவிட்டால் தபால்காரர்.

தமிழ் இதழ்களை வளர்த்தது தபால்காரர்தான் என்று சொன்னால் மிகையில்லை. 1877-ல் வி.பி.பி. முறை வந்தது. பொருள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். 1892-ல் தொடங்கிய ‘விவேக சிந்தாமணி’ போன்ற மாத இதழ்கள் தபாலை நம்பியே ஊர் ஊராகப் போயின. ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திர’மும் அதில்தான் தொடராக வந்தது. 1915-ல் வந்த ‘ஆனந்த போதினி’ தத்துவத்தையும் துப்பறியும் கதையையும் ஒரே அட்டைக்குள் வைத்துப் பெரிய வாசகர் கூட்டத்தைப் பிடித்தது. பிறகு எஸ்.எஸ். வாசன் 1928-ல் ‘ஆனந்த விகட’னை வாங்கிக் குறுக்கெழுத்துப் போட்டியும் நகைச்சுவையுமாக அதைக் கடைக்குக் கடை தொங்கவிட்டார். அங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. கண்ணெதிரே தொங்கும் இதழ்கள் ஒரு பக்கம். தேடினால் மட்டுமே கிடைக்கும் இதழ்கள் மறுபக்கம்.

தொங்கிய இதழ்களைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 1947-ல் ‘கலைமகள்’ குடும்பத்திலிருந்து வந்த ‘மஞ்சரி’ பல மொழிகளிலிருந்து நல்ல கட்டுரைகளைச் சுருக்கித் தந்தது. தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ துணுக்குகளால் நிரம்பியது. திமிங்கிலத்தின் எடை, எஸ்கிமோவின் வீடு, பிரமிடின் உயரம் என்று ஒரு பக்கத்துக்குப் பத்து விஷயம். படித்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் பல வீடுகளில் அந்தத் துணுக்குகளோடுதான் நுழைந்தது. கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ அறிவியலைத் தமிழில் ஆழமாகவே சொன்னது. எல்லாவற்றையும்விட வியப்பு, பாரிஸில் பிறந்த ‘யுனெஸ்கோ கூரியர்’. 1967-ல் அதற்குத் தமிழ்ப் பதிப்பு வந்தது. பல பத்தாண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தவர் மணவை முஸ்தபா. ஆப்பிரிக்கச் சிற்பம், கடலடி ஆராய்ச்சி, எழுத்தறிவு இயக்கம் எல்லாம் தமிழில், பளபளக்கும் படங்களோடு தபாலில் வந்தன. கலைச்சொல் இல்லாத இடத்தில் முஸ்தபா புதிதாக உருவாக்கினார். அந்தச் சொற்களைத் தொகுத்தே பின்னாளில் அகராதிகளும் போட்டார்.

தேட வேண்டிய இதழ்களுக்கு வருவோம். ஒரு பழைய சிற்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்புக் காகிதப் பட்டையில் சுற்றி, மேலே முகவரிச் சீட்டு ஒட்டி, ‘புக் போஸ்ட்’ என்று எழுதியிருக்கும். பட்டையைக் கிழிக்கும்போது அட்டையும் சேர்ந்து கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் ‘தனிச் சுற்றுக்கு மட்டும்’ என்ற வாசகம். உள்ளே கவிதை, கதை, ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு சண்டை. கடைசிப் பக்கங்களில் எங்காவது பொடி எழுத்தில் ‘வரப்பெற்றோம்’ என்றொரு பத்தி. வந்த நூல்கள், வந்த இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் முகவரி, சந்தா. அவ்வளவுதான்.

புதிய இதழ் பற்றிய சேதி எப்படி வந்தது என்ற கேள்விக்கு அந்தப் பத்திதான் விடை. சிற்றிதழ்கள் ஒன்றுக்கொன்று மாற்றிதழ் அனுப்பிக்கொண்டன. அனுப்பியதற்கு நன்றியாக முகவரியைப் போட்டன. ஒன்று கையில் கிடைத்தவருக்கு மற்ற நாலைந்தின் வாசல் தெரிந்துவிடும். ஒரு தபால் அட்டையில் ‘மாதிரிப் பிரதி அனுப்பவும்’ என்று எழுதிப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். கடையும் விளம்பரமும் செய்யாததை ஆறு புள்ளி எழுத்தில் அச்சான நாலு வரி செய்தது. இலக்கிய ஆய்வாளர்கள் தலையங்கங்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். வாசகரை உருவாக்கியதில் ‘வரப்பெற்றோம்’ பத்திக்குப் பங்கு அதிகம்.

சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதற்கு நல்ல சாட்சி. 1959 ஜனவரியில் தொடங்கும்போதே இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தவர் அவர். விற்பனை அந்த வரம்பின் அருகே கூடப் போகவில்லை. தான் போட்ட புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ஆனாலும் கடல் தாண்டித் திருகோணமலையில் இருந்த தருமு சிவராமு என்ற இளைஞரின் கைக்கு ‘எழுத்து’ எட்டியது. அவர் அங்கிருந்தே எழுதி அனுப்பினார். பிரமிள் என்ற கவிஞர் அப்படித்தான் தமிழுக்குக் கிடைத்தார். 1970-ல் 119 இதழ்களோடு ‘எழுத்து’ நின்றது. அதே ஆண்டு சென்னையில் ‘கசடதபற’ தொடங்கியது. அதற்கு முன்பே சேலத்தில் ‘நடை’ வந்திருந்தது. அடுத்த ஆண்டு கோவையில் ‘வானம்பாடி’. தில்லியிலிருந்து ‘கணையாழி’ 1965 முதலே வந்துகொண்டிருந்தது. ஒன்று நின்றால் இன்னொன்று. வாசகர் மட்டும் முகவரி மாற்றிக்கொண்டே போனார்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா செய்தது இன்னும் துணிச்சல். கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் நடத்திவந்த அவர், 1966-ல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் இலக்கியம் பேசிவிட்டுப் போனார். ஜீவா இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித் தானே விற்றார். போருக்கு நடுவிலும், இடம்பெயர்ந்து கொழும்பு போன பிறகும் விடவில்லை.

காசு கொடுத்து வாங்க முடியாதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர், ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் என்ற விதிகளை அவர் 1931-ல் நூலாக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் கூண்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி மாடு பூட்டிக் கிராமம் கிராமமாக அனுப்பிய நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான்.  1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஊர்தோறும் கிளை நூலகம் வர வழி பிறந்தது. ஊர்க் கிளை நூலகத்தின் நீள மேசையில் காலையிலேயே தினசரிக்குப் போட்டி நடக்கும். மாத இதழ்கள் பக்கத்தில் கூட்டம் இருக்காது. ஆர்வமுள்ளவருக்கு அது வசதிதான்.

புதுச்சேரிப் பக்கம் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் உள்ள பொது நூலகம் 1827-ல் தொடங்கியது. 1980-களில் இந்தக் கரைக்கு இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987-ல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கின. பள்ளி ஆசிரியர்கள் சந்தா சேர்த்தார்கள். துளிர் இல்லங்களில் பிள்ளைகள் கூடிப் படித்தார்கள், செய்து பார்த்தார்கள். 1989-ல் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராகப் புதுச்சேரிக்கு வந்த கி. ராஜநாராயணன் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ‘கதைசொல்லி’ இதழில் கிராமத்துச் சொல்லும் சோறும் சொலவடையும் அச்சேறின.

இப்போது ‘கல்கி’ அச்சில் வருவதில்லை, 2020-ல் நின்றது. பெட்டிக்கடையில் இதழ் தொங்கிய கயிற்றில் ஷாம்பு பாக்கெட் தொங்குகிறது. ஆனால் பழையதைத் தேடுவது முன்னைவிட எளிது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தவை சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. புதுக்கோட்டை ஞானாலயாவில் எத்தனையோ இதழ்களின் முதல் இதழைப் பார்க்கலாம். ஈழத்து இதழ்களுக்கு நூலகம் அமைப்பு, தமிழ்நாட்டு இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம். இரண்டும் பக்கம் பக்கமாக ஒளிவருடி இலவசமாகவே வைத்திருக்கின்றன. புதியவற்றிலும் பஞ்சமில்லை. ‘காலச்சுவடு’, ‘உயிர்மை’ என்று இலக்கியத்துக்கு உண்டு. கடலும் கழுவெளியும் என்ன ஆகின்றன என்று யோசிப்பவருக்குப் பூவுலகின் நண்பர்களின் ‘பூவுலகு’ உண்டு. வீட்டுப் பிள்ளைக்குத் ‘துளிர்’ உண்டு.

கூனிமேட்டிலிருந்து தேடுகிறவருக்குச் சொல்ல ஒன்று உண்டு. ஒரு நாள் புதுச்சேரி நூலகத்தில் இதழ்ப் பகுதியில் உட்கார்ந்து, கையில் கிடைப்பதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்புங்கள். மதிப்புரைகளிலும் ‘வரப்பெற்றோ’மிலும் கண்ணில் படும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பிடித்துப்போனால் ஆண்டுச் சந்தாவை அனுப்பிவிடுங்கள். விவேக சிந்தாமணி காலம் முதல் தமிழ் இதழ்களைக் கொன்றது சந்தா பாக்கிதான். நீங்களாவது பாக்கி வைக்காதீர்கள்.