அமெரிக்க உயர்கல்வி

ஐக்கிய அமெரிக்காவில் பள்ளிப் படிப்புக்குப் பின் பட்டமோ சான்றிதழோ பெற வழிசெய்யும் கல்வி. நம் பல்கலைக்கழக மானியக் குழுவைப் போல நாடு முழுவதற்கும் விதி வகுக்கும் அமைப்பு அங்கு இல்லை. மாநில அரசுகளும் தனியார் அறக்கட்டளைகளும் கல்லூரிகளை நடத்துகின்றன. கூட்டரசு பணம் தருகிறது. பணம் தருபவருக்கும் கல்லூரிக்கும் இடையிலான இழுபறியே இத்துறையின் வரலாறு. 2025இல் அது முற்றியது.

தோற்றம்

1636 அக்டோபரில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பேரவை ஒரு கல்லூரிக்கென 400 பவுண்டு ஒதுக்கியது. ஈராண்டு கழித்து இறந்த ஜான் ஹார்வர்டு என்ற இளம் பாதிரியார் தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும் அதற்கு எழுதிவைத்தார். அரசு கொடுத்ததும் நானூறு, பாதிரியார் கொடுத்ததும் நானூறு. பெயர் மட்டும் பாதிரியாருடையதாகிவிட்டது.

கனெக்டிகட்டில் 1701இல் தோன்றிய கல்லூரிக்குப் பெயர் வந்த கதை சென்னையில் தொடங்குகிறது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு அவருடையதே. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் பார்த்துப் பெரும்பணம் சேர்த்தார். புகார்கள் எழுந்து பதவி போயிற்று. அவர் ஆளுகையில் கோட்டையில் அடிமை வணிகமும் நடந்தது. லண்டன் திரும்பிய அவர் 1718இல் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 நூல்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். மூட்டைகளைப் பிரித்தால் மஸ்லின் முதலிய துணிகள். விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இது மலிவான விலைதான். யேல் அந்தக் கல்லூரியை ஒருநாளும் பார்த்ததில்லை.

கொடுத்தவருக்குக் கல்லூரி கட்டுப்பட்டதா என்ற கேள்வி 1816இல் எழுந்தது. டார்ட்மவுத் கல்லூரியை நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு தன்வசப்படுத்த முயன்றது. முன்னாள் மாணவரான டேனியல் வெப்ஸ்டர் கல்லூரிக்காக வாதாடினார். கல்லூரியின் சாசனம் ஓர் ஒப்பந்தம், அதை மாநிலம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என 1819இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கல்லூரிகளின் தன்னாட்சி அன்றோடு உறுதியானது.

நிலக்கொடை

இத்துறையில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர். வெர்மான்ட் கொல்லர் ஒருவரின் மகனான நாடாளுமன்ற உறுப்பினர் ஜஸ்டின் மோரில் கொண்டுவந்த நிலக்கொடை மசோதாவை 1859இல் குடியரசுத் தலைவர் புக்கானன் நிராகரித்தார். அதை எதிர்த்த தென் மாநிலங்கள் பிரிந்து போனபின், 1862 ஜூலை 2 அன்று லிங்கன் அதில் கையெழுத்திட்டார். வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிக்காக, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் தரப்பட்டது.

நியூயார்க்குக்கு வந்தது ஏறத்தாழ 9.9 லட்சம் ஏக்கர். அம்மாநிலத்துக்குள் கூட்டரசு நிலம் இல்லாததால் மேற்கே செல்லுபடியாகும் நிலச்சீட்டாகக் கிடைத்தது. அதுபோன்ற சீட்டுகளைப் பல மாநிலங்கள் ஏக்கர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தள்ளிவிட்டன. தந்தித் தொழிலில் பணம் பண்ணிய எஸ்ரா கார்னெல் அவசரப்படவில்லை. சீட்டுகளைக் கொண்டு விஸ்கான்சின் பைன் காடுகளை வளைத்துப்போட்டார்; மரம் விலையேறட்டும் என்று காத்திருந்தார். அவர் காலத்துக்குப் பின் விற்று முடித்தபோது கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தது சுமார் 50 லட்சம் டாலர்.

இவ்வாறு நாடெங்கும் பிரித்தளிக்கப்பட்ட ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், ஏறக்குறைய 250 பூர்வகுடிச் சமூகங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அதைக் கொடை என்றே நூல்கள் குறிக்கின்றன. 1890இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம், கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்றது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியையே தேர்ந்தன. 1960இல் பந்த்நகரில் தொடங்கிய இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் இந்த நிலக்கொடை மாதிரியைப் பின்பற்றி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் 22 லட்சம் பேர் கல்லூரி சேர்ந்தனர். ஆய்வுக்குக் கூட்டரசு நிதி பெருகியதும் அப்போருக்குப் பின்புதான்.

வகைப்பாடு

உயர்கல்வி நிறுவனங்களை வகைபிரிக்கும் கார்னகி வகைப்பாடு 1973 முதல் வெளியாகிறது. ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஆய்வுச் செலவும் 70 முனைவர் பட்டங்களும் இருந்தால் ‘ஆர் 1’ என்னும் உச்ச வகை. 2025 பட்டியலில் அவ்வகையில் 187 நிறுவனங்கள். கற்பித்தலின் தரத்தை இது அளப்பதில்லை என்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

2025

ஏப்ரல் 14 அன்று, மானியம் தொடரக் கூட்டரசு விதித்த நிபந்தனைகளை ஹார்வர்டு ஏற்க மறுத்தது. அன்றே 220 கோடி டாலர் மானியம் முடக்கப்பட்டது. செப்டம்பர் 3இல் கூட்டரசு நீதிபதி ஒருவர் இது சட்டவிரோதம் என்றார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஜூலையில் 20 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்துக் கூட்டரசுடன் சமரசம் செய்துகொண்டது. பெரும் அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருவாய் மீதான 1.4 விழுக்காட்டு வரி, அவ்வாண்டு வந்த சட்டப்படி 8 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது.

சாதனைப் பக்கத்தில், வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஓமர் யாகி. ஜோர்டானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்து, 15 வயதில் அமெரிக்கா வந்தவர். அவருடைய படிப்பு ஒரு சமுதாயக் கல்லூரியில் தொடங்கி, ஆல்பனியிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக இல்லினாயில் முனைவர் பட்டத்தில் முடிந்தது. இல்லினாயும் பெர்க்லியும் மோரில் சட்டத்தால் நிலம் பெற்றவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த யாகி பரிசு பெற்ற அதே இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்தது.