வேலியில முளைச்ச ராஜமரம்

சந்தன மரம்னா நடுக்காட்டுல மட்டும்தான் இருக்கும்னு டவுன்ல இருக்கிறவங்க நினைச்சுக்கறாங்க. ஜவ்வாது மலை அடிவாரத்துல எங்க பக்கம் வேலி ஓரத்துல, கெணத்து மேட்டுல தானாவே முளைக்கும். குருவி பழத்தைத் தின்னுட்டு கொட்டையைப் போட்டுட்டுப் போகும், அவ்வளவுதான். பக்கத்துச் செடியோட வேரைப் பிடிச்சு உறிஞ்சி வளர்ற சாதி அது. அதனால வேலி அதுக்குத் தோதான இடம்.

ஆனா எங்க அப்பா, பெரியப்பா எல்லாம் சந்தனக் கன்னைக் கண்டா களைக்கொத்தால கொத்திப் போட்டுடுவாங்க. பார்த்தீனியத்துக்குக் கூட அவ்வளவு அவசரம் கிடையாது.

காரணம் பழசு. 1792ல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜமரம்னு அறிவிச்சார். யார் நிலத்துல நின்னாலும் மரம் அரசுக்குச் சொந்தம். அதே வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில எங்க திருப்பத்தூர் சேர்ந்த பாராமகால் கம்பெனி கைக்குப் போச்சு. கேப்டன் ரீடும், அவருக்குக் கீழ இருந்த தாமஸ் மன்றோவும் இங்கதான் குடியானவனோட நேரடியா வரி பேசுற ரயத்துவாரி முறையை ஆரம்பிச்சாங்க. நிலத்துக்குப் பட்டா வந்தது. திப்பு போனார், சந்தனம் சர்க்காருதுங்கற எண்ணம் மட்டும் போகலை. 1882ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. இன்னைக்கும் அது தமிழ்நாடு வனச் சட்டம்ங்கற பேர்ல நடைமுறையில இருக்கு. பட்டா என் பேர்ல, மரம் மட்டும் என் இஷ்டத்துக்கு இல்லை. ராத்திரி எவனாவது அறுத்துட்டுப் போனா, காலையில விசாரணைக்கு நிக்கிறது நிலத்துக்காரன். அப்புறம் யாரு விட்டு வைப்பா?

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். புறம்போக்குல மரம் வச்சுக் காப்பாத்தினவனுக்கு மரப்பட்டா தர்ற வழக்கம் உண்டு. வி.ஏ.ஓ. கிட்ட இருக்கிற 2சி கணக்குல அது எழுதியிருக்கும். மண்ணு சர்க்காருது, காய் அவனுது. அப்படிப் பட்டா வாங்கின புளியமரத்துல ஒரு கிளையை ஆடு மாட்டுக்குக் கூட ஒடிக்க விடமாட்டாங்க, சண்டைக்கு வந்துடுவாங்க. காவலுக்கு ஆள் போட்டது யாரு? யாரும் இல்லை.

இதைப் புரிஞ்சுக்க அரசாங்கத்துக்கு 2002 வரைக்கும் ஆச்சு. அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரனுக்கே சொந்தம்னு ஆக்கினாங்க. கர்நாடகாவுல ஒரு வருஷம் முன்னாடியே திருத்திட்டாங்க. ஆனா நாமளா வெட்டி வண்டியில ஏத்திட முடியாது. வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து, அவங்க வந்து பார்த்து அனுமதி தரணும். வைரம் ஏற இருபது, முப்பது வருஷம் காத்திருந்தவனுக்கு இது பெரிய விஷயம் இல்லைதான். திருட்டு பயம்தான் தீரலை.

பெரியப்பா மகன் இப்போ வேலியில ரெண்டு கன்னை விட்டு வச்சிருக்கார். இடுப்பு உயரம் வந்தாச்சு. "பெருசாயிட்டா ராத்திரியில யாரு காவல் கிடக்கிறது?"ன்னு அண்ணிதான் தினம் ஒரு தடவை கேக்கறாங்க. அண்ணன் இன்னும் பதில் சொல்லலை.