நாகம்மாள் கேட்ட பங்கு

இந்தியில் 'ஆஞ்சலிக் உபன்யாஸ்' என்று ஒரு வகை உண்டு. நம்ம பாஷையில் வட்டார நாவல். அந்தப் பேச்சை எடுத்தாலே பணீஷ்வர்நாத் ரேணுவின் 'மைலா ஆஞ்சல்' தான் முதலில் வரும். பீகாரின் பூர்ணியா மாவட்டத்துக் கிராமத்தை அந்த ஊர்ப் பேச்சோடு காட்டிய நாவல், 1954இல் வந்தது. அதற்கு 12 வருஷம் முன்னாடியே தாராபுரம் பக்கத்து மனிதர் ஒருவர் தமிழில் இதே வேலையைச் செய்துவிட்டார். அவர் ஆர். சண்முகசுந்தரம். நாவல், 1942இல் வந்த 'நாகம்மாள்'.

பழைய கோவை ஜில்லா, தாராபுரம் தாலுகாவைச் சேர்ந்த கீரனூரில் 1917இல் பிறந்தவர். 'மணிக்கொடி'யில் சிறுகதை எழுதி ஆரம்பித்தார். நாகம்மாள் வந்தபோது வயது 25தான். சகோதரர் திருவேங்கடத்தோடு சேர்ந்து கோவையிலிருந்து 'வசந்தம்' பத்திரிகை நடத்தினார். அறுவடை, சட்டி சுட்டது, பனித்துளி, தனிவழி என்று பல நாவல்கள் எழுதினார். 1977இல் காலமானார்.

இந்தியோடு அவருக்கு நேரடி சம்பந்தமும் உண்டு. சரத் சந்திரர் முதலான வங்க எழுத்தாளர்களின் நாவல்களை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தது இந்தி வழியாகத்தான். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யும் அதில் ஒன்று. வங்கக் கிராமத்தைத் தமிழில் படித்த ஒரு தலைமுறைக்கு, நடுவில் கீரனூர்க்காரர் ஒருவர் இருந்தது தெரியுமோ என்னவோ.

சரி, நாவலுக்கு வருவோம். நாகம்மாள் கணவனை இழந்தவள். ஒரே மகள் முத்தாயி. கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயியோடு ஒரே குடும்பமாக இருக்கிறாள். காடு பிரிக்காமல் கிடக்கிறது. ஊரில் முரடன் என்று பேரெடுத்த கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம். ஒரு கட்டத்தில் "என் பங்கைப் பிரிச்சுக் குடு" என்று நிற்கிறாள். பேச்சு வளர்ந்து பகையாகிறது. கடைசியில் கெட்டியப்பன் அடித்ததில் சின்னப்பன் உயிர் போகிறது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் அடங்காத ஒரு பெண்ணின் கதையாகவே பேசுகிறார்கள். நான் அதைச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாவலில் சட்டப் பேச்சு கிடையாது. இது என்னுடைய வாசிப்பு.

பழைய இந்து சட்டப்படி, பிரியாத குடும்பத்தில் அண்ணன் செத்தால் அவன் பங்கு தம்பிக்குப் போய்விடும். விதவைக்குச் சோறும் துணியும்தான், அதாவது ஜீவனாம்சம். 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கணவனின் பங்கு விதவைக்கு வரும், ஆயுள் வரை அனுபவிக்கலாம், பாகப்பிரிவினையும் கேட்கலாம் என்றது. ஆனால் சட்டம் வந்த பிறகு கணவனை இழந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். அப்புறம் இன்னொரு இடி. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருப்பது, மத்திய சட்டம் அதைத் தொடாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. ஊர்நாட்டில் சொத்து என்றால் காடும் தோட்டமும்தானே? சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு அதை விவசாய நிலத்துக்கு நீட்டியது 1947இல்தான்.

1941க்கும் 1947க்கும் நடுவே வந்த நாவல் இது. நாகம்மாள் கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் அந்தக் காட்டில் பங்கு வாங்கியிருக்க முடியாது. பிறகு அவளுக்கு என்ன வழி? ஆம்பளை பலம் வேண்டும். அதனால் கெட்டியப்பன். அவளுடைய நடத்தை என்று ஊர் பேசுவதில் பாதி, வேறு வழி இல்லாததிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சண்முகசுந்தரம் அவளைத் தியாகியும் ஆக்கவில்லை, பேயும் ஆக்கவில்லை. சின்னப்பனும் கெட்டவன் இல்லை. நாள்பூரா காட்டில் பாடுபடுகிறவன். கொலை நம்மை உறுத்துவது அதனால்தான்.

சட்டம் அதற்கப்புறம் வெகுதூரம் வந்துவிட்டது. 1956இல் விதவைக்கு முழு உரிமை. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு, 2005இல் நாடு முழுவதும். ஆனால் "சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு, இன்னும் பங்கு எதுக்கு?" என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. சார்பதிவாளர் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொறந்த வீட்டு உறவாவது நிலைக்கட்டும் என்று திரும்பும் அக்கா தங்கச்சிகள் இன்றும் இருக்கிறார்கள். பங்கு வேண்டும் என்று கேட்பவளுக்கு ஊர் வைக்கும் பேர் என்ன என்று யோசித்துவிட்டு 'நாகம்மாள்' படித்துப் பாருங்கள். சின்ன நாவல்தான், இரண்டு நாளில் முடித்துவிடலாம்.